பழைய ஆர்சி காரைப் பிள்ளைக்காகத் தேற்றுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயது இருக்கும்போது யாரோ ஓட்டிச் சலித்த ஒரு ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல், அதாவது ரிமோட்டில் ஓடும்) ரேஸ் காரை வாங்கித் தேற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு பழைய கார் வாங்கியவர்கள், வாங்கப் போகிறவர்கள், வாங்கிவிட்டு முழிப்பவர்கள் என்று ஒவ்வொருவராக என்னிடம் கேட்க ஆரம்பித்தார்கள். ஆள்தான் வேறு, சந்தேகம் ஒன்றேதான். எத்தனை முறை முதலிலிருந்து சொல்வது? அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதிலையும் சேர்த்துவிட்டேன். எல்லாம் பேட்டரியில் ஓடும் கார்கள் பற்றியது. எரிபொருள் ஊற்றி ஓட்டும் நைட்ரோ கார் பிள்ளைக்கு முதல் காராக வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி, அதனால் அதைத் தொடவில்லை.

பொம்மைக் கடை ரிமோட் காரும் இதுவும் ஒன்றுதானே? இதில் அப்படி என்ன இருக்கிறது?

ஒன்றில்லை. பொம்மைக் காரில் எல்லாம் ஒரே சர்க்யூட் போர்டில் ஒட்டியிருக்கும். ஒரு பல் உடைந்தால் கார் குப்பைக்குப் போகும். ஹாபி கிரேடு என்று சொல்லப்படும் ஆர்சி காரில் மோட்டார் தனி, அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இஎஸ்சி தனி, முன்சக்கரத்தைத் திருப்பும் சர்வோ தனி, ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவர் தனி. எது கெட்டாலும் அதை மட்டும் கழற்றி மாற்றலாம். நாம் பேசப்போகும் அப்கிரேடு எல்லாம் இந்த ஒரு வசதியை நம்பித்தான்.

பாடியைத் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஒயர்கள் பிளக் வைத்துத் தனித்தனிப் பெட்டிகளுக்குப் போகிறதா, அல்லது எல்லாம் ஒரே பலகையில் சால்டர் செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு ரகம் உண்டு, இஎஸ்சியும் ரிசீவரும் ஒரே பெட்டியாக இருக்கும். சில கார்களில் சர்வோவுக்கு மூன்று ஒயருக்குப் பதில் ஐந்து ஒயர் வரும். அதில் சர்வோ போனால் பொதுவான சர்வோவைச் செருக முடியாது, இஎஸ்சி, ரிசீவர், ரிமோட் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டி வரும். மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிட்டுப் பிறகு புலம்புவது பெரும்பாலும் இந்த ரகத்தில்தான்.

புதிதாக ஒன்று வாங்குவதை விட்டுவிட்டு எதற்குப் பழையது?

பிள்ளை இடிக்கும். முதல் வாரத்திலேயே இடிக்கும். புதுக்கார் சுவரில் மோதும்போது நமக்கு வரும் கோபம், ஏற்கெனவே கீறல் விழுந்த கார் மோதும்போது வராது. இது ஒரு காரணம்.

இன்னொன்று, பழைய காரைக் கழற்றி மாட்டும்போது பிள்ளை அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று கற்றுக்கொள்கிறது. பெட்டியிலிருந்து எடுத்து நேராக ஓட்டுகிற காரில் அது நடப்பதில்லை. ஆனால் ஒன்று: உதிரிப் பாகம் கிடைக்காத மாடல் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

முதலில் மாடல் பெயர். சேஸியின் (காரின் அடிச்சட்டத்தின்) அடியில் அச்சடித்திருக்கலாம், அல்லது விற்பவருக்குத் தெரிந்திருக்கும். டமியா கம்பெனியின் டிடி-01, டிடி-02, டிராக்ஸஸ் கம்பெனியின் ஸ்லாஷ் மாதிரி பரவலாக விற்ற கார் என்றால் உதிரிக்குக் கவலையில்லை.

அப்புறம் ஒவ்வொரு சக்கரத்தையும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்தால் பரவாயில்லை, லொடலொட என்றால் பேரிங்கோ சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஆர்மோ போயிருக்கிறது. காரைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தை மெதுவாகச் சுற்றினால், பல் உடைந்த கியர் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் 'டக்' என்று காட்டிக் கொடுக்கும். சஸ்பென்ஷன் ஆர்ம்களின் வேர்ப்பகுதியில் வெண்மையாகக் கோடு ஓடியிருந்தால் விரிசல் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ஸ்க்ரூக்களின் தலை வழுக்கிப் போயிருக்கிறதா என்றும் பாருங்கள். அதை வைத்தே முந்தைய உடைமையாளர் எப்படிப்பட்டவர் என்று சொல்லிவிடலாம்!

பேட்டரி சேர்த்துத் தருகிறார் என்றால் அதைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். வயிறு உப்பிய லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி என்றால் வாங்கிக்கொள்ளவே வேண்டாம்.

ரோட்டுக் கார், பக்கி, டிரக் மூன்றில் எது சரி?

ஓட்டப்போகும் தரையைப் பாருங்கள், காரைப் பார்க்காதீர்கள். டூரிங் கார் எனப்படும் ரோட்டுக் கார் தரையிலிருந்து சில மில்லிமீட்டர் உயரத்தில்தான் இருக்கும். வழவழப்பான சிமெண்ட் தளமோ தார்த் தளமோ இருந்தால் அதைப்போல சுகம் வேறில்லை. ஒரு சின்னக் கல் கிடந்தால் வயிற்றில் அடிக்கும். மண்ணும் புல்லும்தான் இருக்கிறது என்றால் மண்ணில் ஓடவென்றே செய்த பக்கியோ (buggy) ஷார்ட் கோர்ஸ் டிரக்கோதான். டிரக்கின் அகலமான பாடி சக்கரங்களையும் மூடியிருப்பதால் இடிபடுவதைப் பாடியே வாங்கிக்கொள்ளும், பழகுகிற கைக்கு அது நல்லது.

அளவு 1/10, அதாவது நிஜக் காரில் பத்தில் ஒரு பங்கு, என்பது என் தேர்வு. உதிரி அதிகம் கிடைப்பது அந்த அளவுக்குத்தான். சக்கரம் மாட்டும் 12 மி.மீ. அறுகோணக் கட்டை பெரும்பாலான 1/10 கார்களுக்குப் பொது, அதனால் டயர் மாற்றுவதும் சுலபம்.

கார் கைக்கு வந்துவிட்டது. முதலில் எதை அப்கிரேடு செய்வது?

எதையும் வேண்டாம். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து கழற்றித் துடையுங்கள். பழைய காரில் "வேகம் இல்லை", "ஒரு பக்கம் இழுக்கிறது" என்கிற குறைகளில் பாதி, கியர்பாக்ஸில் சிக்கிய முடியும் மணலும்தான். என் மருமகனின் காரில் பின் அச்சில் ஒரு பாய் நூல் சுற்றி உருகி ஒட்டிப்போயிருந்தது. அதை வெட்டி எடுத்ததும் மோட்டாரே மாற்றியது போல ஓடியது. அதற்கு ஆன செலவு ஒரு பிளேடு.

கழற்றும்போது ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்க்ரூக்களைக் கழற்றிய வரிசையில் முட்டை அட்டையின் குழிகளில் போடுங்கள். பிளாஸ்டிக்கில் ஸ்க்ரூவைத் திரும்ப மாட்டும்போது ஒரு தந்திரம் உண்டு. முதலில் எதிர்ப்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள், பழைய மரையில் 'டிக்' என்று விழும், அங்கிருந்து முறுக்குங்கள். இல்லையென்றால் புது மரை வெட்டி, மூன்றாம் முறை ஓட்டை தளர்ந்துவிடும். பிள்ளைக்கு முதலில் சொல்லித்தர வேண்டியது இதுதான்.

எல்லாரும் பேரிங் மாற்று, பேரிங் மாற்று என்கிறார்களே, அப்படி என்ன வித்தியாசம் தெரியும்?

தெரியும். ஆரம்பநிலைக் கார்கள் பலவற்றில் அச்சுகள் சுழலும் இடத்தில் பிளாஸ்டிக் அல்லது உலோகப் புஷ், அதாவது வெறும் வளையம்தான் இருக்கும். அவை தேய்ந்து ஓட்டை நீள்வட்டமாகிவிடும், சக்கரம் ஆடும், மோட்டாரின் சக்தியில் ஒரு பங்கு உராய்விலேயே போகும். பால் பேரிங் போட்டால் கார் இலகுவாக உருளும், பேட்டரி கொஞ்சம் கூடுதல் நேரம் வரும், மோட்டார் சூடு குறையும். செலவுக்குக் கிடைக்கும் பலனைப் பார்த்தால் பேரிங்தான் முதல் இடம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அளவை மில்லிமீட்டரில் பார்த்து வாங்குங்கள். டமியா கார்களில் '1150' என்று சொல்வது 11 மி.மீ. வெளிவிட்டம், 5 மி.மீ. உள்விட்டம். மாடல் பெயர் சொன்னால் முழு செட்டாகவே கிடைக்கும். செராமிக் பேரிங் எல்லாம் இந்தக் கட்டத்தில் வீண் செலவு.

நேராக ஓட்டினால் கார் ஒரு பக்கம் போகிறது, மகள் எரிச்சலாகிறாள். சர்வோவை மாற்றிவிடவா?

முதலில் ரிமோட்டில் டிரிம் என்கிற சின்னத் திருகை நகர்த்திப் பாருங்கள். அது சரியாகாவிட்டால் இரண்டு பக்க ஸ்டியரிங் கம்பிகளும் ஒரே நீளத்தில் இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். சர்வோவின் மேல் இருக்கும் சர்வோ சேவர் என்ற பாகத்தையும் கவனியுங்கள். சக்கரம் எதிலாவது மோதும்போது அந்த அதிர்ச்சி சர்வோவின் பற்களுக்குப் போகாமல் வளைந்து கொடுப்பதுதான் அதன் வேலை. பழைய காரில் அது தளர்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் நிற்கும். அப்படியென்றால் டிரிம் எத்தனை முறை வைத்தாலும் நிற்காது.

இவையெல்லாம் சரியாக இருந்தும் கார் தடுமாறினால் சர்வோ மாற்றுவது நியாயம். பழைய சர்வோக்களில் பலவும் 3, 4 கிலோ விசைக்காரர்கள். 6 முதல் 9 கிலோ, உலோகப் பல், இது போதும். 25 கிலோ சர்வோ கிடைக்கிறது, வாங்கலாம் என்று தோன்றும், அது வேறு வம்பைக் கொண்டுவரும், கீழே சொல்கிறேன். வாங்கும் முன் சர்வோவின் தலையில் எத்தனை பல் என்று பாருங்கள். 23, 24, 25 என்று மூன்று விதம் உண்டு, பழைய சேவர் புது சர்வோவில் பொருந்தாமல் போகலாம்.

பழைய ரிமோட்டில் நீளமான ஏரியல் இருக்கிறது. அதுவே போதுமா?

ஓடும், ஆனால் மாற்றிவிடுங்கள் என்றுதான் சொல்வேன். அது 27 அல்லது 40 மெகாஹெர்ட்ஸ் ரகமாக இருக்கும். அதில் கிரிஸ்டல் என்ற சின்னத் துண்டுதான் அலைவரிசையை முடிவு செய்கிறது. பக்கத்தில் இன்னொரு பிள்ளை அதே அலைவரிசைக் காரை இயக்கினால் இரண்டு காரும் பேய் பிடித்தது போல ஓடும். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட்டில் அந்தத் தொல்லை இல்லை. ரிமோட்டும் ரிசீவரும் ஒன்றையொன்று அடையாளம் வைத்துக்கொள்ளும், அதற்கு பைண்டிங் என்று பெயர்.

ஒரு கம்பெனி ரிமோட்டோடு இன்னொரு கம்பெனி ரிசீவர் பொதுவாகப் பேசாது, ஆகவே இரண்டையும் ஜோடியாக வாங்குங்கள். த்ராட்டிலுக்கு (வேகம் கூட்டும் விசைக்கு) உச்ச வரம்பு வைக்கும் வசதி இருக்கிறதா, ஃபெயில்சேஃப் இருக்கிறதா என்று பாருங்கள். ஃபெயில்சேஃப் என்றால் சிக்னல் அறுந்தால் கார் தானாக நிற்பது. பிள்ளை வைத்திருக்கும் காரில் அது இல்லாமல் இருக்கக் கூடாது. போடும்போது ரிமோட் முதலில், கார் பிறகு. அணைக்கும்போது கார் முதலில், ரிமோட் பிறகு. இதைப் பாட்டாகப் பாடவைத்தாவது பழக்குங்கள்.

லிப்போ பேட்டரி போடலாமா? வெடிக்கும் என்கிறார்கள், பயமாக இருக்கிறது.

பயம் கொஞ்சம் இருப்பது நல்லது. பழைய கார்களோடு வருவது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி: செல் ஒன்றுக்கு 1.2 வோல்ட், ஆறு செல் சேர்ந்து 7.2. முரட்டுச் சாமான், கொஞ்சம் தப்பாக நடத்தினாலும் பொறுத்துக்கொள்ளும். லிப்போவில் செல் ஒன்றுக்கு 3.7 வோல்ட், இரண்டு செல் என்றால் 7.4, முழுக்க ஏறினால் 8.4. எடை குறைவு, கடைசிவரை சக்தி விழாமல் தரும். ஆனால் ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே போனால் கெட்டுவிடும், 4.2-க்கு மேலே ஏற்றினால் தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

என் வழி இப்படி: முதல் சில மாதம் நிக்கல் பேட்டரி. பிள்ளைக்குக் கை பழகிய பிறகு, கெட்டியான பிளாஸ்டிக் உறை போட்ட இரண்டு செல் லிப்போ. சார்ஜ் செய்வது பெரியவர் வேலை, அதில் பேச்சே இல்லை. லிப்போவுக்கான சார்ஜர், செல்களைச் சமமாக ஏற்ற உதவும் பேலன்ஸ் ஒயரும் மாட்டி, 1சி வேகத்தில். அதாவது 5000 எம்ஏஎச் பேட்டரிக்கு 5 ஆம்பியர், 3000 என்றால் 3. நிக்கல் முறையை வைத்து லிப்போவை ஒருநாளும் ஏற்றாதீர்கள். தீப்பிடிக்காத தளத்தில் வைத்து, ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். சில நாள் ஓட்டப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி வையுங்கள், சார்ஜரில் ஸ்டோரேஜ் என்று இருப்பது அதற்குத்தான்.

இடத்தையும் அளந்துகொள்ளுங்கள். சில பழைய சேஸிகளில் பேட்டரிப் பள்ளம் உருண்டை மூலை வைத்த நிக்கல் பேக்குக்காக வார்த்தது, சதுர மூலை லிப்போ உட்காராது. உருண்டை மூலையில் லிப்போவும் கிடைக்கிறது.

பேட்டரியை மட்டும் மாற்றினால் போதும்தானே? மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.

இஎஸ்சியைப் பார்க்காமல் செய்யாதீர்கள். லிப்போ வோல்ட் குறைந்ததும் மோட்டாரை நிறுத்தும் கட்-ஆஃப் பழைய இஎஸ்சிகள் பலவற்றில் கிடையாது. பிள்ளை கார் நகர்கிற வரை ஓட்டும், பேட்டரி செத்துப்போகும். கட்-ஆஃப் உள்ள பிரஷ்டு இஎஸ்சி (பிரஷ் வைத்த சாதாரண மோட்டாருக்கானது) மலிவான பொருள்தான். ஹாபிவிங்கின் 1060 மாதிரி சிலவற்றில் ஒரு சின்ன ஜம்பரை நகர்த்தி லிப்போவா நிக்கலா என்று சொல்ல வேண்டும். அதை மறந்துவிட்டு "கட்-ஆஃப் வேலை செய்யவில்லை" என்று வருபவர்கள் உண்டு.

வெள்ளை பிளாஸ்டிக்கில் வரும் பழைய டமியா கனெக்டர் அதிகக் கரண்ட் தாங்காது, சூடேறி உருகும். எக்ஸ்டி60 அல்லது டி-பிளக் போட்டுவிடுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறாமல் சால்டர் செய்யுங்கள், ஒரே நேரத்தில் இரண்டு பேட்டரி ஒயரையும் வெட்டாதீர்கள். கத்தரி இரண்டையும் தொட்டால் ஷார்ட்.

பையன் பிரஷ்லெஸ் மோட்டார் போட்டுத்தரச் சொல்லி அடம் பிடிக்கிறான். போடலாமா?

பிரஷ்லெஸ் என்றால் பிரஷ் இல்லாத, வேகம் கூடிய மோட்டார். இப்போது வேண்டாம். கணக்குச் சொல்கிறேன், அவனுக்கும் சொல்லுங்கள். மணிக்கு 40 கி.மீ. என்றால் நொடிக்கு 11 மீட்டர். "ஐயோ சுவர்" என்று தோன்றி விரல் நகர அரை நொடி ஆனாலும் கார் 5 மீட்டருக்கு மேல் போயிருக்கும். வேகம் இரண்டு மடங்கானால் மோதும் விசைக்குப் பின்னால் இருக்கும் ஆற்றல் நான்கு மடங்கு. ஆர்ம் உடையும், சுவருக்குப் பதிலாக ஒருவர் கணுக்கால் இருந்தால் அதைப் பற்றியும் யோசிக்க வேண்டும்.

செலவும் மோட்டாரோடு நிற்காது. பிரஷ்லெஸ் மோட்டாருக்கு மூன்று ஒயர், பிரஷ்டு இஎஸ்சியில் ஓடாது, இஎஸ்சியும் மாற்ற வேண்டும். 3300 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 3300 சுற்று) மோட்டார் 7.4 வோல்ட்டில் சுமையில்லாமல் நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல் போகும், காரோடு வரும் சாதாரண 540 மோட்டார் பதினைந்தாயிரம் சொச்சம்தான். அந்த வித்தியாசத்தை வாங்கிக்கொள்ள சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டிரைவ் ஷாஃப்ட், டிஃப்ரென்ஷியல் எல்லாம் வரிசையில் நிற்கும். ஒன்றை மாற்றினால் அடுத்தது உடையும்.

என் நிபந்தனை இதுதான்: நான்கு செருப்பை வைத்து எட்டு வடிவத்தில் ஒரு பாதை போடுங்கள். செருப்பைத் தொடாமல் பத்துச் சுற்று வந்துவிட்டால் மோட்டார் பேச்சை எடுக்கலாம். என் மருமகன் ஏழு வாரம் எடுத்துக்கொண்டான்.

சரி, மோட்டார் மாற்றவில்லை. பினியன் கியரையாவது பெரிதாக்கலாமா?

ஒரு பல், இரண்டு பல் ஏற்றலாம். பினியன் என்பது மோட்டாரில் இருக்கும் சின்னக் கியர். பல் கூடினால் உச்ச வேகம் கூடும், கிளம்பும் வேகம் குறையும், மோட்டார் சூடு ஏறும். டிடி-02-ஐ எடுத்துக்கொண்டால் பெட்டியில் வருவது 22 பல் பினியன், அது சுற்றும் பெரிய கியரான ஸ்பர் 70 பல், உள்ளே இருக்கும் 2.6 விகிதத்தையும் பெருக்கினால் 8.27. அதாவது மோட்டார் 8.27 முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை. மண்ணில், புல்லில் ஓட்டுவதென்றால் பினியனைச் சிறிதாக்குவதுதான் புத்திசாலித்தனம்.

பல்லின் அளவும் பொருந்த வேண்டும். 0.6 மாட்யூல் கியரோடு 48 பிட்ச் பினியன் சேராது, பார்க்க ஒன்றுபோல இருக்கும், அரைத்துத் தள்ளிவிடும். மாட்டும்போது இரண்டு கியருக்கும் நடுவில் மெல்லிய காகிதத் துண்டை விட்டு அழுத்தி மோட்டாரின் ஸ்க்ரூக்களை முறுக்குங்கள், பிறகு காகிதத்தை உருவுங்கள். அந்த இடைவெளி போதும். ஐந்து நிமிடம் ஓட்டிவிட்டு மோட்டாரைத் தொடுங்கள். விரலை இரண்டு மூன்று நொடிகூட வைக்க முடியவில்லை என்றால் பினியன் பெரிது.

டயர் வழவழவென்று ஆகிவிட்டது, அதனால் என்ன?

அதனால் எல்லாமே. சர்வோ, மோட்டார், ஷாக் அப்சார்பர் எதுவும் தரையைத் தொடுவதில்லை, டயர்தான் தொடுகிறது. பழைய ரப்பர் கெட்டிப்பட்டு, நகம் அழுத்தினால் இறங்காது. அப்படியென்றால் மாற்றுங்கள். பேரிங்குக்கு அடுத்து இதற்குத்தான் செலவு செய்வேன். தரைக்கு ஏற்ற டயர் வேண்டும், மண்ணுக்கான கட்டை வைத்த டயரைத் தார்ச் சாலையில் ஓட்டினால் ஒரு வாரம் தாங்காது. ரிம்மோடு ஒட்டும் இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துவிட்டு ஒட்டுங்கள், இல்லையென்றால் வளைவில் உரிந்து வரும்.

ஷாக் அழுத்தினால் டொய்ங் என்று குதிக்கிறது. அது சரிதானா?

இல்லை. உள்ளே எண்ணெய் ஒழுகிப்போயிருக்கும், அல்லது எண்ணெயே இல்லாத ஃப்ரிக்ஷன் ஷாக்காக இருக்கும். டிடி-02-ன் அடிப்படைக் கிட்டில் வருவது அதுதான். ஒழுகியது என்றால் ரப்பர் ஓ-ரிங் மாற்றி சிலிகான் எண்ணெய் ஊற்றுங்கள். ஊற்றியதும் தண்டை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, குமிழி எல்லாம் மேலே வரும்வரை காத்திருந்து மூடுங்கள். அவசரப்பட்டால் ஒரு பக்கம் கெட்டி, ஒரு பக்கம் மெத்து என்று ஆகும். பிளாஸ்டிக் எண்ணெய் ஷாக்கே போதும்.

நீல நிற அலுமினியப் பாகங்கள் போட்டால் உடையாதாமே?

பாகம் உடையாது, அதற்குப் பக்கத்தில் இருப்பது உடையும். பிளாஸ்டிக் ஆர்ம் வளைந்து அடியை விழுங்கிக்கொள்ளும். அலுமினியம் வளையாமல் அதை அப்படியே சேஸிக்கு அனுப்பும். ஆர்ம் மலிவு, சேஸி மாற்றுவது என்றால் முழுக் காரையும் கழற்ற வேண்டும். அதோடு அலுமினியம் ஒருமுறை வளைந்தால் வளைந்ததுதான்.

மோட்டார் பிடித்திருக்கும் தகடு, சக்கரத்தின் அறுகோணக் கட்டை, இந்த இரண்டில் மட்டும் அலுமினியத்துக்கு வேலை உண்டு. முதலாவது சூட்டை வெளியே இழுக்கும், இரண்டாவது வழுக்காது. மீதியெல்லாம் அழகுக்கு. அழகு வேண்டும் என்று பிள்ளை கேட்டால் வாங்கிக் கொடுங்கள், அப்கிரேடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.

வேகத்தைக் குறைத்து வைக்க வழி இருக்கிறதா?

மூன்று வழி இருக்கிறது. ரிமோட்டில் த்ராட்டில் வரம்பை 50 சதவீதத்துக்கு இறக்குவது முதல் வழி. இஎஸ்சியில் பயிற்சி முறை இருந்தால் அதைப் போடுவது இரண்டாவது. டிராக்ஸஸ் எக்ஸ்எல்-5 இஎஸ்சியில் இது உண்டு, பாதி சக்திதான் தரும். மேலே சொன்ன சின்ன பினியன் மூன்றாவது, அதைப் பிள்ளை நமக்குத் தெரியாமல் மாற்றி வைக்க முடியாது! பிரேக்குக்கு மட்டும் வரம்பு வைக்காதீர்கள், அது முழுதாக இருக்கட்டும். பிரேக்கை ஒருமுறை அழுத்தினால் நிற்கும், விட்டு மறுபடி அழுத்தினால்தான் ரிவர்ஸ் என்பது பல இஎஸ்சிகளின் வழக்கம். அது பழுதில்லை.

எல்லாம் மாற்றிய பிறகு கார் ஓடும்போதே ஒரு கணம் செத்து மறுபடி உயிர் வருகிறது. ஏன்?

சர்வோ கேள்வியில் வம்பு என்று சொன்னேனே, அது இதுதான். ரிசீவருக்கும் சர்வோவுக்கும் மின்சாரம் தருவது இஎஸ்சிக்குள் இருக்கும் பிஇசி என்ற பகுதி. பெரிய சர்வோ முழுக்கத் திரும்பி முட்டி நிற்கும்போது அது தரக்கூடியதைவிட அதிகமாக இழுக்கும். வோல்ட் விழும், ரிசீவர் அணைந்து எழும். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் வேகமாகத் திருப்பிப் பாருங்கள், ரிசீவர் விளக்கு மினுக்கினால் சந்தேகமே வேண்டாம். ஸ்டியரிங்கின் இரண்டு எல்லைகளையும் ரிமோட்டில் குறைத்து, சர்வோ முட்டாமல் வையுங்கள். போதாவிட்டால் சிறிய சர்வோ.

விளக்கு மினுக்கவில்லை, சில நிமிடம் ஓடிய பிறகுதான் நிற்கிறது என்றால் இஎஸ்சி சூடாகித் தன்னை நிறுத்திக்கொள்கிறது, அல்லது லிப்போ கட்-ஆஃப். தூரத்தில் போனால் மட்டும் என்றால் ஆன்டெனா. 2.4 ரிசீவரின் மெல்லிய ஆன்டெனா நீளமாக இருக்கிறது என்று யாராவது வெட்டியிருக்கலாம், அல்லது சுருட்டி மோட்டாருக்கு அடியில் திணித்திருக்கலாம். அதை ஒரு குழாயில் விட்டு நிமிர்த்துங்கள்.

பரணில் 80-களின் டமியா கார் ஒன்று கிடைத்தது. அதையே பிள்ளைக்கு மாற்றிக் கொடுக்கவா?

கொஞ்சம் பொறுங்கள். டமியாவின் முதல் ஆர்சி கார் 1976-ல் வந்தது. கிராஸ்ஹாப்பர், ஹார்னெட் எல்லாம் 1984. அசல் பாகங்களோடு இருக்கும் அந்தக் காலக் கார்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். அதில் ஓட்டை போட்டு, புது மோட்டார் திணித்தால் அந்த மதிப்புப் போய்விடும். பழைய பிளாஸ்டிக் வறண்டு நொறுங்கவும் செய்யும். இவற்றில் சில மாடல்களை அந்தக் கம்பெனியே மறுபடி வெளியிட்டிருக்கிறது, அதில் ஒன்றை ஓட்டலாம், பரண் காரை அலமாரியில் வைக்கலாம்.

ஓட்டத்தான் போகிறேன் என்றால், உள்ளே இஎஸ்சிக்குப் பதில் சர்வோ வைத்துத் தகட்டை நகர்த்தும் வேகக் கட்டுப்பாடும் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். மெதுவாக ஓட்டும்போது அந்த ரெசிஸ்டர் கை சுடும் அளவு காயும். அதைக் கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு இஎஸ்சி போடுங்கள், காரில் வேறு எதையும் வெட்டாமல்.

ஸ்க்ரூ டிரைவரைப் பிள்ளை கையில் கொடுக்கலாமா?

கொடுங்கள், நல்லதாகக் கொடுங்கள். ஜப்பானிய கார்களின் நட்சத்திர ஸ்க்ரூ ஜேஐஎஸ் என்ற ஜப்பானியத் தர அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அதில் முழுக்க இறங்காமல் தலையை வழித்துவிடும், நாம் பிள்ளைக்குத் தெம்பில்லை என்று நினைத்துக்கொள்வோம். உலோகத்தில் போகும் ஸ்க்ரூவுக்கு மட்டும் ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் த்ரெட்லாக் திரவம் ஒரு சொட்டு. பிளாஸ்டிக்கில் பட்டால் சில பிளாஸ்டிக்குகள் விரிசல் விடும். சால்டரிங்கும் லிப்போவும் நம் கையில், மீதி எல்லாம் பிள்ளை கையில்.

கிளப்பில் ரேஸ் விடுகிறார்களாம். இந்தக் காரைக் கொண்டுபோகலாமா?

போவதற்கு முன் விதிகளைக் கேளுங்கள். ஆரம்பநிலைப் பிரிவுகளில் மோட்டார் இதுதான், பேட்டரி இவ்வளவுதான் என்று கட்டி வைத்திருப்பார்கள். நீங்கள் போட்ட நல்ல பாகமே தகுதி இழக்கக் காரணமாகலாம். ஆகவே முதல்முறை வெறுங்கையோடு போய்ப் பார்ப்பது நல்லது. சுற்றுக் கணக்கெடுக்கக் காரில் டிரான்ஸ்பாண்டர் என்ற சின்னக் கருவி மாட்டச் சொல்வார்கள், இரவல் தருவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தன் ரேஸ் முடிந்ததும் அடுத்த ரேஸில் கவிழும் கார்களை நிமிர்த்திவிட பாதையோரம் நிற்பதும் வழக்கம். சின்னப் பிள்ளை என்றால் அந்த வேலைக்கு நீங்கள் நில்லுங்கள்.

கழற்றிய பழைய பாகங்கள் ஒரு பை நிறைய இருக்கிறது. எறிந்துவிடவா?

தேய்ந்த புஷ், உடைந்த ஆர்ம் போகட்டும். ஓடுகிற மோட்டாரும் இஎஸ்சியும் இருக்கட்டும், சனிக்கிழமை மாலை புதுசு புகைந்தால் அதுதான் காப்பாற்றும். நல்ல ஸ்க்ரூக்களை ஒரு டப்பாவில் போடுங்கள். லிப்போவை மட்டும் குப்பையில் போடாதீர்கள். முழுக்க இறக்கி, இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, பேட்டரி சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். பழைய பாடி உடைந்திருந்தால் உள்பக்கம் வலைத் துணி வைத்து ரப்பர் போன்ற ஷூ பசையைத் தடவுங்கள், காய்ந்ததும் இன்னும் பத்து இடி தாங்கும். புதுப் பாடிக்குப் பெயிண்ட் உள்பக்கமாகத்தான் அடிக்க வேண்டும், அதுவும் பாலிகார்பனேட்டுக்கான பெயிண்ட். என்ன நிறம் என்று பிள்ளையைக் கேளுங்கள். என் மருமகன் ஊதாவில் பச்சைப் புள்ளி கேட்டான், அப்படியே அடித்தோம்.